அரைக் கிண்ணச் சோறு

சென்னை
9.7.2023

பாப்பாவுக்கு,

அண்ணன் காசி எழுதுகிறேன். வேங்கிக்காலில் நீயும் மாப்பிள்ளை சுரேஷ்குமாரும் கீர்த்தனாக் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வாடகை அறையில் நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மோசமில்லை என்று வைத்துக்கொள்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு நிறைமாசக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்கு மூச்சு வேண்டாம். இன்னொன்று, போனில் நீ சொல்லும் பொய்யை என்னால் பிடிக்க முடியாது. எழுத்தில் பிடித்துவிடுவேன். கீழ்பென்னாத்தூர் தபால் ஆபீசில் இத்தனை வருஷம் நான் சும்மா முத்திரை குத்திக்கொண்டிருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கல்லீரல் இனி தேறாதாம். யாராவது தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால்தான் உண்டு. உன் அண்ணி அருணாதேவியின் ரத்தம் எனக்குச் சேராது. ஆதவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, சொந்தப் பிள்ளையானாலும் அவனிடம் வாங்கச் சட்டம் விடாது. சேருவது உன் ரத்தம் ஒன்றுதான். ஆனால் போன வாரம் எடுத்த ஸ்கேனில் உன் ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறதாம். அப்படியே வெட்டி வைத்தால் எனக்கும் ஒட்டாது, உனக்கும் ஆபத்து. பத்துக் கிலோ குறைத்துக்கொண்டு அக்டோபரில் வந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் பெரிய டாக்டர்.

இங்கே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அளவு சொல்வதற்கென்றே மதிவதனி என்று ஒரு அம்மா இருக்கிறாள். உன்னிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னாள்: "எதையும் விட வேண்டாம் சார். எல்லாத்தையும் கம்மி பண்ணச் சொல்லுங்க. சோறு அரைக் கிண்ணம், பருப்பு, காய், ஒரு முட்டை. பட்டினி மட்டும் கூடாது." எனக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வாங்கி வந்தாள் அருணா. அதில்தான் மூன்று வேளையும். உப்பு அறவே இல்லை. அதுதான் உயிர் போகிறது.

ஊரில் நான் குடித்துக் கெட்டதாகப் பேச்சாம். ஒரு சொட்டு தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். என்னைக் கெடுத்தது சர்க்கரையும் இந்த வாயும். உனக்கும் அதே வாய்தான் பாப்பா. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பதில் எழுது.
உன் அண்ணன்
காசி

*

வேங்கிக்கால்
17.7.2023

அண்ணா,

மணிமொழி எழுதுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி நோய் உனக்குக் குறைந்த மாதிரி எனக்கு இருந்தது. சாப்பிட்டாயா தூங்கினாயா என்று அண்ணியைக் கேட்க ஆளில்லாமல் போயிருக்கும், நான் கேட்டதாகச் சொல்.

ஈரல் கொடுக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், அதில் மறுபேச்சு இல்லை. உன் மாப்பிள்ளை அன்று முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், "உங்க அண்ணன் எனக்கும் மச்சான்தானே, போயி குடுத்துட்டு உசுரோட வந்து சேரு"ன்னு சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

ஆனால் இந்த அரைக் கிண்ணம் இருக்கிறதே, இதை யார் கண்டுபிடித்தார்கள்? பள்ளிக்கூடத்தில் தினம் சத்துணவுக்கு அரிசி அளந்து போடுகிறவள் நான். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்பது என் கைக்கே தெரியும். அந்தக் கை என் தட்டுக்கு வந்தால் கணக்கை மறந்துவிடுகிறது. நேற்று அரைக் கிண்ணம் சோறு போட்டு, மேலே கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். மூன்று வாய். அவ்வளவுதான். பசியை எழுப்பி உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. அப்புறம் என்ன, சட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். கீர்த்தனா எட்டிப் பார்த்து, "யம்மா, மாமாவுக்குக் குடுக்கணும்னு சொன்னியே"ன்னு கேட்டது. கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

எனக்கு எதுவும் முழுசாக வேண்டும், இல்லாவிட்டால் அறவே வேண்டாம். கொஞ்சம் என்பது எனக்கு வராது. பிடித்ததையெல்லாம் ஒரேயடியாக விட்டுவிட்டால் என்ன? இல்லாததைப் பற்றி நாக்கு நினைக்காது.

கன்னியம்மாள் அக்கா, எங்கள் பள்ளிச் சமையல்காரி, உன்னை விசாரித்தாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மாவுக்கு நீ கொண்டுபோய்க் கொடுத்த ஓய்வூதிய மணியார்டர்களை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பாப்பா

*

சென்னை
25.7.2023

பாப்பாவுக்கு,

காசி. எல்லோரும் சௌக்கியமா? என் வயிற்றில் நேற்று நீர் எடுத்தார்கள். ஒரு குடம் வந்திருக்கும். இன்றைக்குச் சட்டைப் பித்தான் போட முடிகிறது, அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

கருவாட்டுக் குழம்பைப் பற்றி எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய். போகட்டும். ஆனால் விடுகிறேன், விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டு வியாதி அது. எனக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று அம்மா உப்பை விட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? வேலை கிடைத்தது. அம்மா கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது மயங்கி விழுந்தாள். ஊரே வந்து வேண்டுதல் பலித்தது என்றது. வேலையை வாங்கிக் கொடுத்தது நான் எழுதிய பரீட்சை. அம்மாவுக்கு மிஞ்சியது தலைசுற்றல்தான். அதைச் சாகிறவரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாம் ஒன்றை விட்டால் சாமி ஒன்றைக் கொடுக்கும் என்று நினைக்கிறோம். இது சாமியோடு போட்ட பேரம் இல்லை, ஈரல். மதிவதனி அம்மாவிடம் உன் கேள்வியைக் கேட்டேன். பிடித்ததை அறவே விடுகிறவர்கள் ஒரு நாள் மொத்தமாகச் சாய்ந்துவிடுவார்கள் என்றாள். பட்டினி கிடந்து வேகமாகக் குறைந்தால் ஈரலுக்கு நல்லதில்லை என்றும் சொன்னாள். அதை நீ கோடு போட்டுப் படி.

சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடு. நான் அப்படித்தான் செய்கிறேன். மெல்ல மெல்லச் சாப்பிட்டால் மூன்று வாய் பத்து வாயாகும். வேண்டுதல் கீண்டுதல் என்று எதுவும் வேண்டாம். என் மேல் ஆணை.

அண்ணன்

*

வேங்கிக்கால்
21.8.2023

அண்ணா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. எழுத முகம் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று அண்ணியிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு கிலோகூட முழுசாகக் குறையவில்லை. நீ சொன்னபடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பத்து நாள் ஒழுங்காக இருந்தேன், அது உன் மேல் ஆணையாக உண்மை. அப்புறம் ஆடிக் கூழ். தெருவில் ஊற்றுகிறார்கள், அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒரு சொம்பு குடித்தேன், முருங்கைக்கீரையோடு. அதற்கடுத்து இவர் பங்காளி வீட்டில் காது குத்து. பிரியாணி. கொஞ்சம் வையுங்கள் என்றுதான் சொன்னேன். பரிமாறியவன் என் உடம்பைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குப் பாத்து வைடா"ன்னு இன்னொருத்தனிடம் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

மதிவதனி அம்மா, இரண்டு கிலோ நல்ல ஆரம்பம், இதே மாதிரி போகட்டும் என்று போனில் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

நேற்று அண்ணி சொன்னாள், நீ ரத்தமாக வாந்தி எடுத்தாயாம். நீ எனக்கு எழுதாமல் விட்டது இதைத்தானா? நான் பிரியாணி தின்றுகொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை. அண்ணா, எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மணிமொழி

*

சென்னை
26.8.2023

பாப்பா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். ரத்தம் நின்றுவிட்டது. குழாய் விட்டு உள்ளே வெடித்த நரம்பைக் கட்டிவிட்டார்கள். பயப்படாதே.

நீ பிரியாணி தின்றதற்கும் நான் வாந்தி எடுத்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படிச் சம்பந்தம் உண்டு என்றால் நான் சின்ன வயசிலேயே செத்திருக்க வேண்டும்.

இரண்டு கிலோ நல்லது. நிதானமாகவே குறையட்டும். மறுநாள் கிண்ணத்தை எடுத்தாயா, அதுதான் கேள்வி. கையெழுத்து அலைகிறது, நிறுத்துகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

காசி

*

வேங்கிக்கால்
11.9.2023

அண்ணா,

நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதாக அண்ணி சொன்னாள். கேட்டதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. போன கடுதாசிக்கு அப்புறம் மட்டும் நாலு கிலோ இறங்கிவிட்டது! கன்னியம்மாள் அக்கா என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இன்னா மணி, இன்னொருத்தி பூந்துக்கலாம் போலக்குதே"ன்னு கேட்டாள். எடை மெஷின் பொய் சொல்லாது. இந்தக் கணக்கில் போனால் அக்டோபருக்கு முன்னாலேயே பத்தும் குறைந்துவிடும். இனி என்னைப் பற்றி நீ கவலைப்படாதே, அந்தக் கவலை தீர்ந்தது.

போன பௌர்ணமிக்கு மலை சுற்றினேன். என்ன கூட்டம்! ரமணாசிரமம் தாண்டியதிலிருந்தே வழியெல்லாம் அன்னதானம். ஒரு பக்கம் தக்காளிச் சாதம், ஒரு பக்கம் சுண்டல், ஒரு பக்கம் பொங்கல். வெள்ளைக்காரர்கள்கூட வரிசையில் நின்று தொன்னையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எனக்குக் கொடுத்ததைப் பின்னால் வந்த ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். வழிக்க வழிக்கத் தின்றார். கீர்த்தனாவுக்கு அதே பொங்கலை இன்னொரு முறை வாங்கிக் கொடுத்தேன். சுற்று முடிகிற இடத்தில் ஈசானிய லிங்கத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்து உனக்காக வேண்டிக்கொண்டு வந்தேன்.

வேறொன்றும் விசேஷம் இல்லை. நீ தைரியமாக இரு. அண்ணியையும் தைரியமாக இருக்கச் சொல்.

பாப்பா

*

சென்னை
18.9.2023

பாப்பாவுக்கு,

காசி எழுதுகிறேன். இந்த வாரம் கொஞ்சம் தேவலாம். தூக்கம் மட்டும் தலைகீழாக இருக்கிறது, பகலில் வருகிறது.

உன் கடுதாசியை மூன்று தடவை படித்தேன். அதில் ஊரே சாப்பிடுகிறது. கிழவர் சாப்பிடுகிறார், வெள்ளைக்காரன் சாப்பிடுகிறான், குழந்தை சாப்பிடுகிறது. நீ மட்டும் சாப்பிடவில்லை. பத்து வரி எழுதினால் ஒன்பது வரி தின்றதைப் பற்றி எழுதுகிறவள் நீ. ஹாஸ்டலில் இருந்தபோது, போட்ட சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு இருந்தது என்று எழுதினவள்.

ஈசானிய லிங்கத்துக்கிட்டே என்ன வேண்டிக்கொண்டாய்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று எழுது. எவ்வளவு சாப்பிட்டாய் என்றும் எழுது. மூன்று வாரத்துக்குள் இவ்வளவு குறைந்தது நல்லதுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மதிவதனி அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவள் லீவில் போயிருக்கிறாள்.

என்னிடம் பொய் எழுதாதே பாப்பா. எனக்குக் கோபம் வந்தாலும் கத்தக்கூட மூச்சு இல்லை.

அண்ணன்

*

வேங்கிக்கால்
5.10.2023

அண்ணா,

நீ மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகவும், நேரம் காலம் தெரியாமல் பேசுவதாகவும் அண்ணி சொன்னாள். தெளிந்ததும் இதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் தெளிந்துவிடு.

நீ கேட்டதற்குப் பதில். காலையில் இரண்டு இட்லி, சாம்பார். மத்தியானம் அரைக் கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் காய், ஒரு கரண்டி பருப்பு, ஒரு முட்டை. சாயங்காலம் சுண்டல் கொஞ்சம். ராத்திரி ஒரு சப்பாத்தி. போதுமா? மதிவதனி அம்மா கொடுத்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படிதான் நடக்கிறது.

மொத்தம் எட்டுக் கிலோ குறைந்திருக்கிறேன். எல்லோரும் என்ன ரகசியம் என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியர் தன் மனைவிக்குச் சொல்லித் தரச் சொன்னார். போன வாரம் பள்ளியில் லேசாகத் தலை சுற்றியது, கன்னியம்மாள் அக்கா தாங்கிக்கொண்டாள். வெயில்தான். புரட்டாசி என்றுதான் பேர், அடுப்பில் நிற்கிற மாதிரி காய்கிறது.

பதினேழாம் தேதி ஸ்கேன். வருகிறேன். அதற்குள் நீ எதுவும் பண்ணித் தொலைக்காதே.

மணிமொழி

*

வேங்கிக்கால்
22.10.2023

அண்ணா,

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் வாய் வரவில்லை. நீ என் கையைப் பிடித்து மணிக்கட்டு எலும்பைத் தடவிப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் எந்த முகத்தோடு விசாரிப்பது?

சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய இட்லி, சோறு, முட்டை எல்லாம் பொய். ஈசானிய லிங்கத்துக்கு எதிரில் நின்று, என் அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்து இலை போட்டுச் சாப்பிடுகிறவரைக்கும் சோறு தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ ஆணை வைத்தும் வேண்டிக்கொண்டேன். அரைக் கிண்ணம் என்னால் முடியவில்லை. அறவே விடுவது முடிந்தது. முதல் நாலு நாள் கஷ்டம், அப்புறம் பசியே தெரியவில்லை. சோறு என்றால் இட்லியும் அரிசிதானே என்று அதையும் விட்டேன். பருப்பும் முட்டையும் உள்ளே போனால் சோறு கேட்கும் என்று பயந்து அவற்றையும் விட்டேன். மோர், வெள்ளரிக்காய், ஒரு கொய்யாப்பழம். அவ்வளவுதான். எடை இறங்க இறங்கச் சாமி கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

டாக்டர் ஸ்கேனைப் பழைய ஸ்கேனோடு வைத்துப் பார்த்தார். அப்புறம், "சாப்பிடவே இல்லையாம்மா?"ன்னு கேட்டார். பட்டினியில் உடம்பு தன் கொழுப்பை வேகமாகக் கரைத்து ஈரலில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறதாம். போன முறையைவிட இப்போது மோசமாம், வீக்கமும் இருக்கிறதாம். இந்த ஈரலைத் தொடமுடியாது என்றார். இரண்டு கிலோ குறைத்தாயே, அதே வழியில் போயிருந்தால் போதும், பத்துகூட வேண்டியிருந்திருக்காது என்று மதிவதனி அம்மா சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இன்னும் மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். மூன்று மாதம் உனக்கு இருக்கிறதா என்று கேட்டேன், அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

தினம் எழுபது பிள்ளைக்கு அளந்து போடுகிறேன். எனக்கு ஒரு கிண்ணம் அளந்து போட்டுக்கொள்ளத் துப்பில்லை. திட்டு அண்ணா. திட்டி எழுது.

மணிமொழி

*

சென்னை
1.11.2023

பாப்பாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அருணாதேவி எழுதுகிறாள். என் கை நடுங்குகிறது. அங்கே நீ எழுந்து நடமாடுகிறாய் அல்லவா? அதை முதலில் எழுது.

கோபம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். உன் கடுதாசியைக் கசக்கிப் போட்டேன், இவள்தான் எடுத்து நீவி வைத்தாள். என் ஆணையைவிட உனக்கு உன் பிடிவாதம் பெரிசாகப் போய்விட்டது. அம்மா உப்பை விட்டபோது நாம் எல்லோரும் சேர்ந்து தடுத்திருக்க வேண்டும், மாலை போட்டுக் கும்பிட்டோம். நீ அதைப் பார்த்து வளர்ந்தவள். உன்னைத் தனியாகக் குறை சொல்லி என்ன செய்ய.

இப்போது நான் சொல்வதைக் கேள். வேண்டுதலை விட்டுவிடு. நாளைக்கே சோறு வடித்து, அரைக் கிண்ணம் போட்டு, ஒரு முட்டை வைத்துச் சாப்பிடு. சாமிக்குக் கோபம் வந்தால் என்னிடம் வரட்டும், நான் எப்படியும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறேன். (இதை எழுதமாட்டேன் என்றேன், எழுது என்கிறார். அருணா.)

செத்தவர்கள் கொடுக்கிற ஈரலுக்கும் என் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். அது வந்தாலும் வரும். உன் மூன்று மாதமும் இருக்கிறது. இரண்டில் ஒன்று நடக்கட்டும். நடக்காவிட்டால் நீ கொன்றாய் என்று மட்டும் நினைக்காதே. நினைத்தால் அப்போதும் கோபப்படுவேன்.

இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வரமுடியாது. கொப்பரையில் தீபம் ஏறினதும் என் பெயரைச் சொல்லி ஒரு கும்பிடு போடு.

அண்ணன்
காசி

(கடைசியில் இருக்கும் கையெழுத்து அவர் போட்டது.)

*

கீழ்பென்னாத்தூர்
12.12.2023

மணிமொழிக்கு,

அண்ணி அருணாதேவி எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆதவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். அரைமணி நேரம் பஸ் ஏறினால் உன்னைப் பார்த்துவிடலாம். ஆனால் நேரில் பேசினால் சண்டையாகிவிடும் என்று எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேர் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் போனார். தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கும்பிட்டது, நான் நிமிரவே இல்லை.

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது மணி. இல்லையென்று எழுதினால் அவர் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் என்று தினமும் ஒரு தடவையாவது நினைக்கிறேன். உடனே, ரத்தம் சேராத நான் பேசலாமா என்றும் நினைக்கிறேன். இந்தக் கோபம் எத்தனை நாளில் போகும் என்று தெரியாது. அது இருக்கும்போதே இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

காரியத்துக்கு முந்தின நாள் படையல் போட்டோமே, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தேன். களி, கருவாட்டுக் குழம்பு, வேகவைத்த வேர்க்கடலை, தலைவாழை இலை நிறையச் சோறு. எல்லாவற்றிலும் உப்புப் போட்டேன். அஞ்சு மாசமாக உப்புக்குக் கெஞ்சின மனுஷன். படைத்ததை எல்லோரும் சாப்பிட்டார்கள். நீ மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனாய். அவர் சொல்லியும் நீ இன்னும் சோறு தொடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வரவில்லையே, வேண்டுதல் முடியவில்லையே என்று சொல்கிறாயாம்.

நீ என்ன வேண்டிக்கொண்டாய்? அவர் வீட்டுக்கு வந்து இலை போட்டுச் சாப்பிடவேண்டும் என்றுதானே? படையல் இலையில் இருந்து எடுத்துச் சுவர் மேல் வைத்தோம். வைத்த மாத்திரத்தில் காக்கை வந்து எடுத்தது. ஆதவன் பார்த்தான், நானும் பார்த்தேன். எடுத்தது அவர்தான் என்று ஊரே சொன்னது, நீயும் கேட்டாய். அப்படியென்றால் அவர் வீட்டுக்கு வந்தார். இலையில் சாப்பிட்டார். உன் வேண்டுதல் முடிந்தது.

இத்தோடு அவர் கிண்ணத்தை அனுப்புகிறேன். உனக்குக் கொடுக்கச் சொன்னது அவர். எனக்கு மனசில்லாமல்தான் இருந்தது.

உன் அண்ணி
அருணாதேவி

*

வேங்கிக்கால்
17.3.2024

அண்ணிக்கு,

மணிமொழி எழுதுகிறேன். நீங்களும் ஆதவனும் எப்படி இருக்கிறீர்கள்? பரீட்சை முடிகிறவரைக்கும் அவனை வேறு எதையும் நினைக்கவிடாதீர்கள். பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கிண்ணம் வந்த அன்று மத்தியானமே சோறு வடித்தேன். அடியில் அண்ணன் பெயர் வெட்டியிருக்கிறது. அரைக் கிண்ணம் போட்டு வாசலுக்கு எடுத்துப் போனேன். முதல் வாய் இறங்க ரொம்ப நேரம் ஆனது. அன்றையிலிருந்து அந்தக் கிண்ணம்தான். சோறு, பருப்பு, முட்டை, ஞாயிற்றுக்கிழமை கறிகூட. எல்லாமே அதில்தான், எல்லாமே கொஞ்சம்தான். முடிகிறது அண்ணி. என்னால் முடியவே முடியாது என்று யாரிடம் சண்டை போட்டேனோ, அவரிடம் இதைச் சொல்லமுடியவில்லை.

டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்ன சீட்டு பையிலேயே இருந்தது. இனி எதற்கு என்று நான் போகவில்லை. உன் உடம்புக்காவது பாரேன் என்று உங்கள் மாப்பிள்ளை போன வாரம் இங்கேயே ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனார். ஒரு சின்னப் பெண், இப்போதுதான் படித்து முடித்திருப்பாள் போல. வயிற்றில் கருவியை வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய சீட்டையும் படித்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "லிவர் ரொம்ப நல்லாக்குதுங்க. கொழுப்பே இல்ல. தாராளமா குடுக்கலாம். யாருக்குங்க குடுக்கப் போறீங்க?"ன்னு கேட்டாள்.

இவர்தான் என்னைப் பிடித்து எழுப்பி வெளியே அழைத்து வந்தார். அந்தப் பெண் பின்னாலேயே வந்து ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா என்று கேட்டது, பாவம்.

உங்கள் கோபம் போகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கட்டும். அது இருக்கும்போதே ஒரு நாள் ஆதவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். என் கையால் ஒரு வேளை சாப்பிட்டுப் போங்கள்.

ஸ்கேன் எடுத்த அன்று வீட்டுக்கு வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பசியில்லை. இருந்தாலும் கிண்ணத்தை எடுத்து அரைக் கிண்ணம் சோறு போட்டேன், கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். வாசலில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

மணிமொழி